டேட்டாபேஸுக்கு எந்த டிஸ்க்: நோடுக்குள் இருப்பதா, நெட்வொர்க்கில் வருவதா?

குபர்னெட்டிஸில் (பல சர்வர்களில் அப்ளிகேஷன்களை ஓட்டி மேய்க்கும் மென்பொருள்) மூன்று நோடுகளில், அதாவது மூன்று சர்வர்களில், காக்ரோச்டிபி (ஒரே தரவை மூன்று பிரதிகளாக வைக்கும் டேட்டாபேஸ்) ஓட்டுவது என்று முடிவான பிறகு எனக்கு மிஞ்சிய பெரிய கேள்வி டிஸ்க்தான். நோடுக்குள்ளேயே இருக்கும் லோக்கல் என்விஎம்இ-யா (வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்), கிளவுடில் நெட்வொர்க் வழியாக இணைத்துக்கொள்ளும் பிளாக் டிஸ்க்கா? நான் இரண்டாவதை எடுத்தேன். புதிதாக இறங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

வேகத்தில் லோக்கல் டிஸ்க் முந்தும், அதில் பேச்சே இல்லை. ஒவ்வொரு கமிட்டும் (ஒரு மாற்றத்தை உறுதிசெய்யும் படி) டிஸ்க்கில் எழுதி முடியும்வரை காத்திருக்கிறது. நெட்வொர்க் டிஸ்க்கில் அந்தக் காத்திருப்பு கொஞ்சம் கூடும். அமேசானின் நெட்வொர்க் டிஸ்க் வகையான ஜிபி3 கூடுதல் கட்டணமில்லாமல் தருவது நொடிக்கு 3,000 ஐஓ (படிக்கும், எழுதும் செயல்கள்), 125 எம்பி. நல்ல என்விஎம்இ இதைப் பல மடங்கு தாண்டிவிடும். சரி, ஆரம்பத்தில் உங்கள் அப்ளிகேஷன் அந்த 3,000-ஐத் தொடுமா என்று பாருங்கள். பெரும்பாலும் தொடாது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: ஒரு நோடு போனால் மறுநிமிடம் நம் கையில் என்ன வேலை விழுகிறது?

நோடு போவது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். கிளவுடில் குபர்னெட்டிஸ் வெர்ஷனை ஏற்றும்போது பழைய நோடுகளை அழித்துப் புது நோடுகளைக் கொண்டுவருவதுதான் பொதுவான வழக்கம். லோக்கல் டிஸ்க் என்றால் அதிலிருந்த தரவும் நோடோடு போய்விடும். லோக்கல் வால்யூமில் (குபர்னெட்டிஸ் பார்வையில் அந்த டிஸ்க்) அந்த நோடின் அடையாளம் பதிந்திருப்பதால் பாட் (டேட்டாபேஸ் ஓடும் கன்டெய்னர்) வேறெங்கும் எழ முடியாமல் பெண்டிங்கில் நிற்கும். பழைய பிவிசி-யை (டிஸ்க் வேண்டும் என்று பாட் வைக்கும் கோரிக்கை) நாமே அழித்து வழிவிட வேண்டும். அப்புறம் மற்ற நோடுகளில் இருக்கும் பிரதிகளிலிருந்து முழுத் தரவும் நகலாக வேண்டும். ஒரு டெராபைட் தரவு நொடிக்கு 125 எம்பி வேகத்தில் வந்தால் 8,000 நொடி, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மேல். மூன்று நோடுகளையும் மாற்றினால் மூன்று முறை. அந்த நேரத்தில் நகலாகி முடியாத பகுதிகளுக்கு இரண்டு பிரதிகள்தான் உயிரோடு இருக்கும். இன்னொரு நோடு தடுமாறினால் பெரும்பான்மை உடைந்து அந்தப் பகுதிகள் அப்படியே நின்றுவிடும். அனுபவமில்லாதவர் தனியாகக் கையாளக்கூடிய நிலைமை இல்லை அது.

நெட்வொர்க் டிஸ்க்கில் பாட் புது நோடில் எழும். பழைய டிஸ்க்கே வந்து ஒட்டிக்கொள்ளும். இடையில் விட்டுப்போன மாற்றங்களை மட்டும் பிடித்தால் போதும்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஜிபி3 மாதிரியான டிஸ்க் ஒரே ஸோனுக்குள் (கிளவுடின் ஒரு டேட்டா சென்டர் பகுதி) கட்டுப்பட்டது. ஸ்டோரேஜ் கிளாஸில் (டிஸ்க் எப்படி உருவாக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) வால்யூம் பைண்டிங் மோடை வெயிட்-ஃபார்-ஃபர்ஸ்ட்-கன்ஸ்யூமர் என்று வையுங்கள்; பாட்டின் இடம் முடிவான பிறகே டிஸ்க் உருவாகும். இல்லாவிட்டால் டிஸ்க் ஒரு ஸோனில் பிறந்து, பாட் ஓட இடமிருக்கும் நோடு வேறொரு ஸோனில் இருக்கும். நோடு திடீரென்று செத்தால் டிஸ்க் உடனே விடுபடாது. பழைய நோடு இன்னும் எழுதிக்கொண்டிருக்குமோ என்ற சந்தேகத்தில் குபர்னெட்டிஸ் ஆறு நிமிடம் வரை பிடித்து வைத்திருக்கும். மற்ற இரண்டு நோடுகள் ஓடும்வரை இது பெரிய இடைஞ்சல் இல்லை.

செஃப், லாங்ஹார்ன் (நோடுகளின் டிஸ்க்குகளைச் சேர்த்துப் பிரதிகளோடு ஸ்டோரேஜ் தரும் மென்பொருள்கள்) வழியை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். டேட்டாபேஸ் மூன்று பிரதி வைக்க, அடியில் ஸ்டோரேஜும் மூன்று பிரதி வைத்தால் ஒரே தரவு ஒன்பது இடத்தில் கிடக்கும். சொந்த இயந்திரங்களில் ஓட்டுகிறவர்கள் இதற்கு வேறு கணக்குப் போடலாம்.

பல டெராபைட் தரவு, டிஸ்க்கில் இடைவிடாமல் எழுதும் வேலை என்றால் என் சிபாரிசை அப்படியே எடுக்காதீர்கள். அந்த அளவில் நான் நடத்திப் பார்த்ததில்லை. சில்லாடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ் லோக்கல் என்விஎம்இ-யைத்தான் பரிந்துரைக்கிறது. அங்கே வேகமே முதல் தேவை.

எதை எடுத்தாலும் தரவு ஏற்றுவதற்கு முன்பே ரீக்ளைம் பாலிசியை (பிவிசி அழிந்த பிறகு டிஸ்க்கை என்ன செய்வது என்ற விதி) ரிட்டெய்ன், அதாவது வைத்திரு, என்று மாற்றிவிடுங்கள். தானாக உருவாகும் வால்யூம்களுக்கு வழக்கமாக இருப்பது டிலீட். பிவிசி அழிந்தால் டிஸ்க்கும் அழியும். புது ஸ்டோரேஜ் கிளாஸ் எழுதினால் அதன் பிறகு உருவாகும் வால்யூம்களுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே இருக்கும் வால்யூம் (பிவி) ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் திருத்த வேண்டும்.