டான்யூப் ஆற்றுக் கப்பலில் பாஸாவ்: கொடுத்த பணம் தகுமா?

பெரியாறு–வைகைப் பாசனத்தில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஐரோப்பா போவதென்றால் ஆற்று வழியாகத்தான் என்று வீட்டில் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். கடல் என்றாலே தலைசுற்றும் என் மனைவிக்கும் அது வசதியாகப் போயிற்று; ஆற்றுக் கப்பல் ஆடுவதே தெரியாது. ஜெர்மனியின் நியூரம்பர்க்கிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை போனோம். ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் காலையில் உடன் நடக்கும் நண்பர்கள் விவரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வழியில் பார்த்த ஊர்களில் என் மனத்தில் முதலிடம், டான்யூப் கரையில் ஆஸ்திரிய எல்லையை ஒட்டியுள்ள ஜெர்மன் நகரமான பாஸாவுக்கு. அதை வைத்தே சொல்கிறேன்.

ஆற்றுக் கப்பலின் பெரிய லாபம், அது ஊருக்கு நடுவிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவதுதான். பாஸாவில் பலகைப் பாலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் நகர மன்றக் கட்டடம். அதன் கோபுரச் சுவரில், எந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று கோடு போட்டு ஆண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். உச்சியில் 1501. அதற்கு அடுத்தது 2013. அந்த ஜூன் மாதம் ஆற்றின் அளவுகோலில் நீர்மட்டம் 12.89 மீட்டர். 1954ஆம் ஆண்டின் கோடு அதற்கும் கீழே. கையை உயர்த்திப் பார்த்தேன், 2013க்குப் பக்கத்தில்கூட எட்டவில்லை. வேலைக்காலம் முழுவதும் நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதியவன், அதை ஓர் ஊர் தன் சுவரிலேயே எழுதி வைத்திருப்பதைக் கண்டு அசந்து நின்றேன். கப்பல் நிறுவனத்தின் வழிகாட்டி அந்த இடத்துக்கு ஒதுக்கியது இரண்டு நிமிடம்!

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் டான்யூப், இன், இல்ஸ் ஆகிய மூன்று ஆறுகள் கூடும் முனை. ஆல்ப்ஸிலிருந்து வரும் இன் பச்சை; காட்டுச் சதுப்பிலிருந்து வரும் இல்ஸ் கருப்பு. கலந்த பிறகும் கொஞ்ச தூரம் நிறங்கள் தனித்தனியாகவே ஓடுகின்றன. டான்யூப்பைவிட இன் கொண்டுவரும் தண்ணீர் சராசரியில் அதிகம். பெயர் என்னவோ டான்யூப்புக்குத்தான்.

புனித ஸ்டீபன் பேராலயத்தைக் கட்டாயம் பாருங்கள். 1662இல் ஊரே எரிந்தபின் இத்தாலியக் கலைஞர்களை வரவழைத்துக் கட்டியது. கார்லோனே என்பவர் செய்த சுதைச் சிற்பங்கள் கூரை முழுக்க நிறைந்திருக்கின்றன. நம் நாயக்கர் மகால் எழுந்த அதே நூற்றாண்டு. மகாலின் சுதை வேலையைப் பார்த்து வளர்ந்த என் மனைவி, “இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாங்க” என்று கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றாள். அங்குள்ள ஆர்கனில், அதாவது காற்றை ஊதிக் குழல்களில் ஒலி எழுப்பும் பெரிய இசைக்கருவியில், 17,974 குழல்கள். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரக் கச்சேரி. அடித்தொண்டையிலிருந்து வருவதுபோன்ற நாதம், உட்கார்ந்திருக்கும் மரப்பலகையிலேயே அதிர்ந்தது.

இந்தக் கச்சேரி கப்பலின் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை. மதிய உணவுக்கு எல்லோரையும் திருப்பிக் கூட்டிப்போய்விட்டார்கள். நாங்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு இருந்தோம். இப்படிப்பட்ட ஊருக்கு வந்து, இதைச் சொல்லாமல் விடுவது பயணிகளுக்குச் செய்யும் அநியாயம். வரவேற்பறையில் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

அறை சுத்தம், பணியாளர்கள் அன்பானவர்கள். ஆனால் துறையில் கப்பல்களைப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவார்கள். காலையில் திரையை விலக்கினால் ஆறு இல்லை, அடுத்த கப்பலின் அறையில் ஒருவர் பல் துலக்குகிறார். பால்கனிக்குக் கூடுதல் பணம் கேட்பவர்கள் இதைச் சொல்வதில்லை. நடு அடுக்கில் சாதாரண அறையே போதும்; பகலெல்லாம் மேல்தளத்தில் இருக்கலாம். சைவ உணவு முதல் நாள் உருளைக்கிழங்கோடு நின்றது. சமையல்காரரிடம் நேரில் பேசிய பிறகு சோறும் தயிரும் வந்தன. பருப்புப்பொடி எடுத்துப் போங்கள்.

முன்பதிவுக்கு முன்பே கேட்க வேண்டியவை உண்டு. கப்பல் ஊருக்குள் நிற்குமா, அல்லது சில கிலோமீட்டர் தள்ளியுள்ள லிண்டாவ் துறையிலா? எத்தனை மணி நேரம் நிற்கும்? வெள்ளம் வந்தாலும் தண்ணீர் குறைந்தாலும் கப்பல் ஓடாது. அப்போது பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பாஸாவை விட்டுக் கிளம்பியபின் தூங்கிவிடாதீர்கள். 22 கிலோமீட்டர் தாண்டி, ஆஸ்திரிய எல்லையில், 1956இல் முடிந்த யோகென்ஸ்டைன் அணை. அணைக்கு மேலிருந்து கீழ்மட்ட ஆற்றுக்குக் கப்பலை இறக்க அங்கே ஒரு தொட்டி உண்டு. 230 மீட்டர் நீளமுள்ள அதற்குள் கப்பல் நுழைந்ததும் பின்கதவு மூடும். பம்பு எதுவும் இல்லை; மதகு திறக்க, தண்ணீர் தன் எடையிலேயே வடிகிறது. கப்பல் சுமார் 10 மீட்டர் இறங்குகிறது. ஈரம் சொட்டும் கான்கிரீட் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் மேலே ஏறிக்கொண்டே போகும். எத்தனை மணிக்கு என்று வரவேற்பறையில் கேட்டால் சொல்வார்கள், கேட்டால் மட்டும்தான்.