டப்பாவுக்குள் வெப்பம்: சூத்திரமா, கட்டங்களா, பாய்வுக் கணிப்பா?

சீல் வைத்த டப்பாவை ரிட்டார்ட்டில் (உயர் அழுத்த நீராவிக் கலனில்) எவ்வளவு நேரம் வைத்தால் உள்ளே இருக்கும் கிருமி சாகும்? அமிலம் குறைந்த உணவு என்றால், கடைசியாகச் சூடாகும் இடத்துக்கும் 121.1 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் வைத்ததற்குச் சமமான பலன் கிடைக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. அங்கே 111.1 டிகிரிதான் இருக்கிறது என்றால் ஒரு நிமிடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மதிப்புதான். கடைசிச் சில டிகிரிகளில் பிசகினால் கணக்கு மொத்தமும் சாயும்.

இதைக் கணக்கிட மூன்று வழிகள் உண்டு. அவற்றில் பழைய ஆள், 1923இல் சார்லஸ் ஓலின் பால் (Ball) என்ற ஆய்வாளர் தந்த சூத்திரமுறை. ரிட்டார்ட்டுக்கும் உணவுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை லாக் தாளில் (மடக்கை அளவு கொண்ட வரைபடத் தாளில்) வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்வும் தொடக்கத் தாமதமும் தெரிந்தால் போதும், மீதியை அட்டவணை பார்த்துக்கொள்ளும். கால்குலேட்டரே போதும் என்பதால் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ரிட்டார்ட்டின் வெப்பநிலை கடைசிவரை மாறாது என்று அது நம்புகிறது. நடுவில் நீராவி அழுத்தம் விழுந்து பத்து டிகிரி இறங்கினால் சூத்திரத்திடம் பதில் இல்லை.

அந்த இடத்தில்தான் வேறுபாட்டு முறை ஜெயிக்கிறது. டப்பாவைச் சின்னச் சின்ன வளையங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் வெப்பக் கடத்தல் சமன்பாட்டை நொடிக்கு நொடி தீர்க்கிறோம். சுவரின் வெப்பநிலை எப்படி ஆடினாலும் அதை அப்படியே ஊட்டலாம். ஆரம் 4 செ.மீ., வெப்பப் பரவுதிறன் (உணவுக்குள் வெப்பம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்ற அளவு) நொடிக்கு 1.6×10⁻⁷ சதுர மீட்டர், நல்ல உயரமான டப்பா என்று வையுங்கள். தொடக்கத் தாமதம் கழிந்த பிறகும், நடுப்பகுதிக்கும் ரிட்டார்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்தில் ஒன்றாகக் குறையவே சுமார் 66 நிமிடம் ஆகும். ஆரத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. நீராவியை நிறுத்திய பிறகும் நடுப்பகுதி கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே இருக்கும். இந்த முறையில் அதுவும் தானாகக் கணக்கில் வந்துவிடும். கெட்டியான உணவுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, உள்ளே இருப்பது நீர்த்த திரவம் என்றால்? இங்கே கடத்தல் மாதிரி கைவிட்டுவிடும். சுவரோரம் சூடான திரவம் மேலே ஏறும், நடுவில் ஆறியது கீழே இறங்கும். அசையாமல் நிற்கும் டப்பாவில் கடைசியாகச் சூடாகும் பகுதி நடுவில் இருக்காது, அடிப்பக்கம் இறங்கியிருக்கும்; ஓரிடத்தில் நிற்கவும் செய்யாது. இந்த மூன்றில் இதைக் காட்டுவது கணினிப் பாய்வியல் மட்டுமே. திரவ ஓட்டத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டையும் ஆற்றல் சமன்பாட்டையும் சேர்த்துத் தீர்க்க வேண்டியிருப்பதால் கணினி நேரத்தைத் தின்னும். அதைவிடப் பெரிய தலைவலி பாகுத்தன்மை. மாவு கலந்த திரவம் சூடேறும்போதே கெட்டிப்படும், அந்தத் தரவு சரியில்லை என்றால் வண்ணப்படம் அழகாக வரும், விடை வராது. தினசரி வேலைக்கு இது வேண்டாம். குளிர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு தடவை ஓட்டினால் போதும்.

அந்த ஒரு தடவையைத் தவிர்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பியை) நடுவில் செருகினால், அது காட்டும் எண் நன்றாகத்தான் இருக்கும். அடியில் இருக்கும் திரவம் அப்போதும் சில டிகிரி பின்தங்கியிருக்கும்.