நிலாவரையில் தொடங்கிய ஆங்கில வகுப்பு

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோவிலுக்கு அண்மையிலுள்ள ஒரு கல்வி நிலையம், தவறான நம்பிக்கைகளைப் பற்றிப் பேச உதவும், சேர்ந்தே வழங்கும் ஆங்கிலச் சொற்சோடிகளுக்கென்றே நான்கு மாலை வகுப்புகளை வளர்ந்தோருக்காக நடத்தியது. 3,000 ரூபா கட்டிச் சேர்ந்தேன். ஆசிரியருக்காக அந்தப் பணத்தை மறுபடியும் கட்டுவேன். அவர்கள் தந்த சொற்பொருள் கடதாசிக்காகக் கட்டமாட்டேன்.

எங்கள் பக்கத்து நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்றும், அதில் போட்ட தேசிக்காய் வேறோர் ஊரான கீரிமலையில் மிதக்கும் என்றும் சிறுவயதில் கேட்டதை ஆங்கிலத்தில் சொல்லும்படி முதல் நாள் கேட்டபோது, பக்கத்திலிருந்தவர் ‘ரோங் திங்கிங்’ என்றார். ஆசிரியர் அவரைத் திருத்தவில்லை. பலரிடமுள்ள தவறான எண்ணம் என்ற பொருளில் ‘கொமன் மிஸ்கன்செப்சன்’ என்று பலகையில் எழுதிவிட்டு, சுண்ணக்கல் கரைந்து உண்டான அந்தக் கிணற்றின் ஆழம் அளக்கப்பட்டிருக்கிறது என்பதை, ‘கொன்ட்ரறி டு பொப்புலர் பிலீஃப்’ (பலர் நம்புவதற்கு மாறாக) என்று தொடங்கும் ஒரே வாக்கியத்தில் எங்கள் வாயாலேயே சொல்லவைத்தார்.

வினைச்சொற்களில்தான் வகுப்பு களைகட்டியது. கட்டுக்கதையாகிய ‘மித்’தை ‘டிஸ்பெல்’ செய்து போக்கலாம், ‘டிபங்க்’ செய்து பொய்யென்று காட்டலாம், ‘எக்ஸ்புளோட்’ என்று வெடிக்கவும் வைக்கலாம். ‘டிபங்க்’ 1923இல் வெளிவந்த ஓர் அமெரிக்க நாவலில் பிறந்த சொல். அதற்குள் இருக்கும் ‘பங்க்’, வட கரோலைனாவின் பங்கம் மாவட்டத்து வாக்காளருக்காக 1820இல் அமெரிக்கக் காங்கிரசில் ஒருவர் நீட்டி முழக்கிய வெற்றுப் பேச்சின் மிச்சம். ‘லேபர் அண்டர் எ டிலூஷன்’ என்பதற்கு, ‘மாயையில் உழல்கிறான் என்று நாங்கள் சொல்வதில்லையா?’ என்றார்; பிறகு அதை ஒருவரும் மறக்கவில்லை.

அச்சிட்டுத் தந்த கடதாசியோ ‘மிஸ்கன்செப்சன்’, ‘டிலூஷன்’, ‘இலூஷன்’, ‘ஃபலசி’ நான்குக்கும் ‘தப்பபிப்பிராயம்’ என்று ஒரே பொருளை எழுதியிருந்தது. மயக்கம், பிரமை, மாயை, போலி நியாயம் என்று தமிழில் சொற்களுக்கா பஞ்சம்? ஐயத்தைக் களைகிறோம், பிரமையைக் கலைக்கிறோம்; சோடிசேர்த்துப் பேசும் பழக்கம் எங்களுக்கும் புதிதல்ல.

இந்தக் குறை சிறியதல்ல. கடைசி நாள் பயிற்சியாக, ஓய்வூதியக் கோப்பு முடிந்துவிட்டதென்று எண்ணியிருக்கும் அலுவலர் ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். கடதாசியை நம்பி, அவர் ‘டிலூஷ’னில் இருப்பதாக எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘மனுசனுக்கு விசர் (பைத்தியம்) எண்டல்லோ எழுதியிருக்கிறியள்’ என்று சிரித்து, அப்படி எண்ணியிருக்கிறார் என்று மட்டும் பொருள்படும் ‘அண்டர் தி இம்ப்ரெஷன்’ என்று மாற்றித் தந்தார். வெளியே வரும்போது பார்த்தேன், அடுத்த அணிக்கான பிரதிகள் வாசல் மேசையில் அடுக்கியிருந்தன. அதே கடதாசி, அதே நான்கு வரிகள்.