மதம் மாறாமல் திருமணம்: சார்பதிவாளர் அலுவலகம் தரும் சேவை எப்படி?

பெண் இந்து, பையன் முஸ்லிம். அல்லது ஒருவர் கிறிஸ்தவர், இன்னொருவருக்கு எந்த மதமும் வேண்டாம். இருவரில் யாரும் மாறாமல், யாருடைய மதத்தையும் கேட்காமல் திருமணம் செய்து வைப்பது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். தமிழ்நாட்டில் இந்தச் சேவையைத் தருவது சார்பதிவாளர் அலுவலகம். நிலம் பதியப் போகும் அதே ரிஜிஸ்டர் ஆபீஸ்தான்.

முதலில் இதன் அருமையைச் சொல்லிவிட வேண்டும். இதற்கு முன்பிருந்த 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில், "நான் இந்து அல்ல, கிறிஸ்தவர் அல்ல, முஸ்லிம் அல்ல" என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால்தான் திருமணம். 1923-இல் இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தவர் தங்களுக்குள் மணப்பதற்கு மட்டும் அந்த மறுப்பை நீக்கினார்கள். 1954-இல்தான் எல்லோருக்கும் நீங்கியது. இன்று, மணக்கப்போவதாக அலுவலருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் நோட்டீஸ் படிவத்தில் மதத்துக்கென்று கட்டமே கிடையாது.

நடைமுறைக்கு வருவோம். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முன்பு தொடர்ந்து 30 நாள் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று அறிய நோட்டீஸை அலுவலகச் சுவரில் ஒட்டுவார்கள்; ஒட்டிய நாளிலிருந்து மேலும் 30 நாள் காத்திருப்பு. ஆக, புதிதாக ஒரு ஊருக்குக் குடிவந்தவர்களுக்குக் குறைந்தது 60 நாள். "நோட்டீஸ் கொடுத்தாயிற்று, அடுத்த வாரம் கல்யாணம்" என்று மண்டபம் பேசுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். இன்னொரு பக்கமும் கெடு உண்டு. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது செல்லாது, புதிதாகக் கொடுக்க வேண்டும். கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு மாத இடைவெளிதான். தேதியை அதற்குள் குறித்துக்கொள்ளுங்கள்.

வயதுச் சான்று, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள் தேவை. வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தை முதல் நாளிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். 30 நாள் குடியிருப்பைக் காட்ட அதுதான் கைகொடுக்கும். மறுமணமானால் விவாகரத்துத் தீர்ப்பு நகல் அல்லது முந்தைய துணையின் இறப்புச் சான்று. திருமண நாளில் மூன்று சாட்சிகள். இரண்டு பேரோடு போய் நின்று, வாசலில் இருக்கும் முன்பின் தெரியாதவரைச் சாட்சியாக்குவது வேண்டாம். பின்னால் திருமணம் நடந்ததா என்று வழக்கு வந்தால் வந்து பேச வேண்டியவர் அவர்தான்.

இனி, சேவையின் பெரிய குறை. அலுவலகச் சுவரில் ஒட்டும் அந்த ஒரு தாள். அதில் இருவரின் பெயர், திருமண நிலை, தொழில், வயது, இப்போது குடியிருக்கும் இடம், நிரந்தர முகவரி, எத்தனை நாளாகக் குடியிருக்கிறார்கள் என்பது வரை இருக்கும். மதம் கேட்காத சட்டம்தான். ஆனால் இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதாதா? பத்திரம் பதிய வந்த எவரும் நின்று படிக்கலாம். நோட்டீஸ் புத்தகத்தையும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஒருவர் அந்த மாவட்டத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் இல்லையென்றால், அவருடைய சொந்த மாவட்டத்து அலுவலருக்கும் நகல் போகும், அங்கும் ஒட்டுவார்கள். பயந்து ஊரைவிட்டு வந்தவர்களின் முகவரி அதே ஊருக்குத் திரும்பிப் போகிறது. அதற்காகப் பொய் முகவரி எழுதாதீர்கள், அது தண்டனைக்குரிய குற்றம். உண்மையிலேயே இடம் மாறிவிட்டால் ஆதாரில் முகவரியை முன்கூட்டியே மாற்றிவிட்டு நோட்டீஸ் கொடுங்கள்.

பெற்றோர் வீட்டுக்குத் தபாலில் நோட்டீஸ் அனுப்பச் சட்டம் சொல்லவில்லை. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒருபடி மேலே போய், மணமக்கள் எழுதிக் கேட்டாலொழிய நோட்டீஸை வெளியிட வேண்டாம் என்றது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு அலுவலர்களைக் கட்டுப்படுத்தாது. மற்ற திருமணச் சட்டங்களில் இப்படி ஒரு மாதம் ஆட்சேபணைக்காகச் சுவரில் தொங்க வேண்டியதில்லை என்னும்போது, மதத்தைத் தாண்டி மணப்பவருக்கு மட்டும் இது ஏன்? 1872 சட்டத்தில்கூட காத்திருப்பு 14 நாள்தான்.

ஆட்சேபணை வந்தால் பதற வேண்டாம். வயது, ஏற்கெனவே உயிரோடிருக்கும் துணை, மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை: இவற்றைச் சொல்லித்தான் எவரும் தடுக்க முடியும். "எங்களுக்குச் சம்மதமில்லை", "வேறு மதம்" என்பவை ஆட்சேபணையே அல்ல. அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். மிரட்டல் இருந்தால் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 2018-இல், ஆணவக் கொலைகள் பற்றிய சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லம், தனிப் பிரிவு எல்லாம் அமைக்கச் சொல்லியிருப்பதை மனுவில் குறிப்பிடுங்கள்.

இந்த 30 நாளைத் தாண்டிக் குதிக்க ஆபீஸ் வாசலிலேயே வழி சொல்வார்கள்: ஒருவர் மதம் மாறியதாக ஒரு சான்று, கோயிலில் தாலி, இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவு, எல்லாம் ஒரே நாளில். இதை ஏற்கவே ஏற்காதீர்கள். அந்தச் சட்டத்தில் இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். இந்து, கிறிஸ்தவர் இருவருக்கிடையே அந்தச் சட்டத்தில் நடந்த திருமணம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சுயமரியாதைத் திருமணத்துக்கு இடம்தரும் 7ஏ பிரிவும் அதே சட்டத்துக்குள்தான் வருகிறது, அதனால் அதற்கும் இதே நிபந்தனைதான். எதிர்த்திசையில், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் திருமணத்துக்காகக் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறினால் 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி அந்தத் தகுதியை இழப்பார். மனமார மாறுவது அவரவர் உரிமை. வரிசையில் நிற்காமலிருக்க மாறுவது வேறு.

திருமணம் நடக்கும் விதத்தில் சட்டம் தாராளமானது. எந்தச் சடங்கும் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். அலுவலர் முன்பும் மூன்று சாட்சிகள் முன்பும், புரிந்த மொழியில், சட்டப்படியான கணவனாக, மனைவியாக ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். தமிழிலேயே சொல்லலாம்.

சொத்து விஷயத்தைப் பலரும் கேட்பதே இல்லை. இந்து ஒருவர் வேறு மதத்தவரை இச்சட்டத்தில் மணந்தால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகிறார். அவருக்குப் பின் சொத்து 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி போகும்: பிள்ளைகள் இருந்தால் துணைக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. இருவருமே இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதங்களில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவர்களானால் 1976 திருத்தத்தின்படி இந்த விளைவு இல்லை. அதனால் சான்றிதழ் கைக்கு வந்த கையோடு உயில் எழுதிவிடுங்கள்.

ஏற்கெனவே நிக்காஹ்வோ தேவாலயத் திருமணமோ முடித்தவர்கள் அதை இதே சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் பதிந்துகொள்ளலாம். அதற்கும் 30 நாள் நோட்டீஸ் உண்டு. ஆனால் அதில் பெண்ணுக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 19 வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்த் திரும்பி வராதீர்கள்.