நான் தொடங்காத நிறுவனம்: நாற்பதுக்கு மேல் எம்பிஏ படிக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த மாதம் முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வயது 41 என்றார். இருக்கும் வேலையை விட்டுவிட்டு முழுநேர எம்பிஏ படிக்கப் போவதாகவும், கல்லூரியே என் எண்ணைக் கொடுத்ததாகவும் சொன்னார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "படிப்பை முடித்ததும் நீங்கள் தொடங்கிய நிறுவனம் இப்போது எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது, சார்?"

நான் எந்த நிறுவனத்தையும் தொடங்கவில்லை. ஆனால் தொடங்குவதாகச் சொல்லும் படிவம் ஒன்றில் என் கையெழுத்து இருக்கிறது. அது அங்கே எப்படி வந்தது என்ற கதைதான் இது. கல்லூரியின் பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம், சொல்ல மாட்டேன்.

வேலையை விட்டபோது எனக்கு 43 வயது. தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் 19 ஆண்டுகள். பட்ஜெட் கூட்டங்களில் நிதிப் பிரிவினர் பேசும்போது புரிந்தவனைப் போலத் தலையாட்டிக்கொண்டிருப்பேன். அந்தத் தலையாட்டல்தான் என்னை உறுத்தியது. பதவி ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.

கல்லூரியின் சேர்க்கை ஆலோசகர் மூன்று முறை பேசினார். படித்து முடித்தபின் என்னவாக விரும்புகிறேன் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இதை நான் அப்போது கவனிக்கவே இல்லை. எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வுக்காக இரண்டு மாதமாக இரவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். "உங்களைப் போன்ற அனுபவசாலிக்குத் தேர்வு எதற்கு, சார்? விலக்கு அளித்துவிடுகிறோம்" என்றார். நல்ல கல்லூரிகளும் இப்படி விலக்கு அளிப்பதுண்டு, அதில் தவறில்லை. ஆனால் நான் அதை என் தகுதிக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டு அன்றிரவே புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டேன்.

ஒரு கேள்வி மட்டும் சரியாகக் கேட்டேன். வேலையில் இருந்துகொண்டே படிக்கும் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏவில் சேர்ந்தால் என்ன? அது ஒன்றும் நேற்று வந்த ஏற்பாடல்ல. சிகாகோ பல்கலைக்கழகம் 1943லேயே தொடங்கிவிட்டது. என் வயதுக்காரர்களுக்கென்றே உருவான படிப்பு. அதற்கு ஆலோசகர், "ஆள் எடுக்க நிறுவனங்கள் வளாகத்துக்கு வருவது முழுநேர மாணவர்களுக்காகத்தான் சார்" என்றார். உண்மை. அவர் சொன்ன எதுவுமே பொய்யில்லை. அதனால்தான் இன்றுவரை என்னால் ஒரு புகார்க் கடிதம்கூட ஒழுங்காக எழுத முடியவில்லை. வருகிற நிறுவனங்கள் எந்த வயதுக்காரர்களைத் தேடி வருகின்றன என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விளம்பரக் கையேட்டின் பின்னட்டையில் ஏஏசிஎஸ்பியின் பெயரும் இருந்தது. வணிகக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு அது, 1916இல் தோன்றியது. பெயரைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'உறுப்பினர்' என்றிருந்ததைப் படிப்பில் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன். உறுப்பினராக இருப்பது வேறு, அங்கீகாரம் பெறுவது வேறு. அங்கீகாரம் பெறாத கல்லூரியும் உறுப்பினராகலாம். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் அந்த அமைப்பின் இணையதளத்திலேயே இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. உற்பத்திப் பிரிவு அனுப்பும் ஒவ்வொரு பெட்டியின் முத்திரையையும் திருப்பிப் பார்த்தே 19 ஆண்டுகள் சம்பளம் வாங்கியவன் நான்.

வகுப்பில் பெரும்பாலோர் முப்பதைத் தொடாதவர்கள். பெயர்பெற்ற கல்லூரிகளின் முழுநேர எம்பிஏ வகுப்புகளிலும் சராசரி வயது 28ஐ ஒட்டித்தான் இருக்கும். வளாகத்துக்கு வரும் நிறுவனங்களும் அதற்கேற்பத்தான் வருகின்றன: நான்கைந்து ஆண்டு அனுபவமுள்ளவரை எடுத்து, துறை துறையாகச் சுற்றவிட்டு, மேலாளராக்கும் திட்டத்தோடு. அந்தத் திட்டத்தில் எனக்கு எந்த நாற்காலியும் கிடையாது.

வேலைவாய்ப்புப் பிரிவில் இருந்த இளைஞர் நல்லவர். என் பயோடேட்டாவைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சார், முதல் பத்து ஆண்டுகளை எடுத்துவிடலாமா?" என்றார். எடுத்தோம். அவர் அழிக்கும் பொத்தானை அழுத்தியபடியே இருக்க, முதல் தொழிற்சாலை போனது, இரண்டாவது போனது, இரவுப் பணியில் உயிரைக் கொடுத்து வாங்கிய தரச்சான்றிதழ் போனது. இரண்டு பக்கம் ஒரு பக்கமானது. ஆனால் கீழே கல்வித் தகுதியில், பொறியியல் பட்டம் பெற்ற ஆண்டை எடுக்க இருவருமே மறந்துவிட்டோம். முதல் நேர்காணலிலேயே என்னைக் கேள்வி கேட்ட பெண் கேட்டார்: "பட்டம் வாங்கியதற்கும் முதல் வேலைக்கும் நடுவில் பத்து ஆண்டுகள் இருக்கின்றனவே, எங்கே இருந்தீர்கள்?"

சிறையில் என்று சொல்லியிருந்தால் சுவாரசியமாகவாவது இருந்திருக்கும்.

படிப்பு முடிந்து மூன்றாவது மாதம் முடியும் தறுவாயில் அதே இளைஞர் அழைத்தார். என் கையில் வேலை எதுவும் இல்லை. "ஆலோசனை நிறுவனம் ஒன்று தொடங்கலாம் என்று ஒருமுறை சொன்னீர்கள் அல்லவா சார்? படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள், போதும்" என்றார். வேலை கிடைக்காதவன் என்று எழுதுவதைவிட அது கௌரவமாகத் தெரிந்தது. போட்டேன்.

அந்த டிக்கின் மதிப்பு பிறகுதான் தெரிந்தது. வணிகக் கல்லூரிகள் வேலைவாய்ப்புக் கணக்கை வெளியிடும்போது, படிப்பு முடிந்து மூன்று மாதத்துக்குள் வேலை கிடைத்தவர்களின் சதவீதத்தைப் போடுவது வழக்கம். அந்தச் சதவீதம் மொத்த மாணவர்களில் எடுப்பதல்ல, வேலை தேடுபவர்களில் எடுப்பது. சொந்தத் தொழில் தொடங்குபவர், நிறுவனமே அனுப்பிப் படிக்க வைத்தவர், தேடலைத் தள்ளிப்போட்டவர் எல்லோரும் 'வேலை தேடவில்லை' என்ற கணக்கில் போய்விடுவார்கள். தகவல் தராதவர்களும் தனிக் கணக்கு. வகுப்பில் 100 பேர் என்று வையுங்கள். 20 பேர் தேடவில்லை, 5 பேரிடமிருந்து தகவல் இல்லை. மீதி 75 பேரில் 69 பேருக்கு வேலை கிடைத்தால் 92 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போடலாம். நூறு பேரில் அறுபத்தொன்பது என்று யாரும் போட மாட்டார்கள்.

இந்த விதி ஏமாற்றுவதற்காக வந்ததல்ல. நிஜமாகவே வேலை வேண்டாதவரைத் தோற்றவர் பட்டியலில் வைப்பது நியாயமில்லை. ஆனால் வேலைக்காகத் தவித்துக்கொண்டிருப்பவனின் கையில் பேனாவைக் கொடுத்து எந்தக் கட்டம் என்று காட்டுவது வேறு விஷயம். என்னை ஏமாற்றிய அந்த அழகான எண்ணை, அடுத்து வருபவருக்காக நானே கொஞ்சம் அழகாக்கிவிட்டேன்.

படிப்பு மோசமென்று சொல்ல மாட்டேன். நிதி மேலாண்மை எடுத்த பேராசிரியர் லாபத்தில் ஓடும் நிறுவனம் கையில் பணமில்லாமல் விழுவது எப்படி என்று நடத்திய வகுப்பு ஒன்றுக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். இப்போது பட்ஜெட் கூட்டங்களில் நான் தலையாட்டுவதில்லை. அந்த வேலையும் பதினோராவது மாதம் பழைய சப்ளையர் ஒருவர் மூலமாகக் கிடைத்தது, விட்டு வந்த பதவிக்கு ஒரு படி கீழே. எம்பிஏ பற்றி அவர் கேட்கவே இல்லை.

தொலைபேசியில் வந்தவரிடம் இவ்வளவும் சொன்னேன். கல்லூரி கொடுக்கும் எண்களை நம்ப வேண்டாம், என் எண் உட்பட; பழைய மாணவர்களை நீங்களாகத் தேடிப் பிடித்துப் பேசுங்கள் என்றேன். முன்பணம் கட்டினால் எந்தத் தேதிவரை திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கச் சொன்னேன். சம்பளத்தில் சராசரியை விட்டுவிட்டு இடைநிலை, அதாவது எல்லோர் சம்பளத்தையும் வரிசையாக வைத்தால் நடுவில் நிற்பது, எவ்வளவு என்று கேளுங்கள், பெரும் சம்பளம் வாங்கும் இரண்டு பேர் போதும் சராசரியைத் தூக்கிவிட என்றேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன்: கடந்த மூன்று ஆண்டுகளில் 40 வயதைக் கடந்து இங்கே படித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரை 'வேலை தேடவில்லை' என்று கணக்கிட்டீர்கள், வளாகத்துக்கு வந்த நிறுவனங்கள் எத்தனை பேரை எடுத்தன?

அனுப்பியிருக்கிறார். அவருக்கு வந்த பதிலை எனக்கும் அனுப்பி வைத்தார். கேட்ட மூன்றுக்கும் அதில் ஓர் எண்கூட இல்லை. "உங்களைப் போன்ற அனுபவசாலிகளிடம் இதையெல்லாம் நேரில் பேசுவதுதான் முறை, சார். இந்த வாரம் எந்த நாள் உங்களுக்கு வசதிப்படும்?"