"ஸ்பியன் கோப் கேப்டனின் வாள்": பணம் கட்டும் முன் எண்ணைக் கேளுங்கள்

பழைய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வாள் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இங்கே இங்கிலாந்தில் பழம்பொருள் விற்கும் ஒருவர், 1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ஸ்பியன் கோப் மலையில் போயர்களோடு நடந்த சண்டையில் இறந்த பிரிட்டிஷ் ஒரு கேப்டனின் வாள் என்று சொல்லி எனக்கு ஒன்றை விற்றார். அலகில் பெயரின் முதலெழுத்துகள், கூடவே கேப்டனின் வரலாறு அச்சடித்த சான்றிதழ். அந்தப் பெயருக்காகவே விலை பல மடங்கு. காந்தி நேட்டாலில் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை காயம்பட்டவர்களைச் சுமந்த இடம் அது. அதில் சென்னை மாகாணத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் இருந்தார்கள். அதனால்தான் அந்த வாள் மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

வாள் 1897 மாடல் காலாட்படை வாள், வில்கின்சன் தயாரிப்பு. கைக்காப்பில் விக்டோரியா அரசியின் முத்திரை. அலகின் முதுகில், பிடியை ஒட்டி, கறுப்பாக மெழுகு அப்பியிருந்தது. துடைத்தால் வரிசை எண்! வில்கின்சன் 1850களிலிருந்தே இப்படி எண் குத்தி, வாளைச் சோதித்த தேதியையும் வாங்கியவர் பெயரையும் பேரேட்டில் எழுதிவைத்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு அதைப் பார்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் வாள் 1906இல் செய்தது. வாங்கியவர் பெயர் எழுதவில்லை; வேறு கடைகள் வழியாக விற்ற வாள்களுக்கு அப்படி இருப்பதுண்டு.

அப்புறம் அலகை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். தேய்ந்துபோன பூவேலைக்குள் ஏழாம் எட்வர்டின் முத்திரை. அவர் அரசரானதே 1901 ஜனவரியில், கேப்டன் இறந்து ஒரு வருடம் கழித்து. விக்டோரியா கைக்காப்பு வேறு வாளிலிருந்து வந்திருக்கிறது. பிடியின் உச்சியில், பிடிக்குள் நுழையும் அலகின் வால் நுனியை அடித்துப் பொருத்திய இடத்தில், அரம் போட்ட தடம் புதிதாக மின்னுகிறது. முதலெழுத்துகளும் பழைய கறையை வெட்டிக்கொண்டு பளிச்சென்று நிற்கின்றன. ராணுவப் பட்டியலில் பொருத்தமான ஒரு பெயரைத் தேடிப் பிடித்துப் பொறித்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. போயர்கள், அதாவது தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினர், பிரிட்டிஷ் அதிகாரிகளைக் குறிவைத்துச் சுட்டதால், 1899 முடிவதற்குள்ளேயே பலர் வாளை விட்டுவிட்டுத் துப்பாக்கி எடுத்துக்கொண்டார்கள். "கடைசி நிமிடம் வரை கையில் இருந்த வாள்" என்று யார் சொன்னாலும் ஆதாரம் கேளுங்கள்.

விற்றவரிடம் பேரேட்டுப் பதிவைக் காட்டினேன். "குடும்பத்தார் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்" என்றார். எந்தக் குடும்பம் என்று கேட்டேன், பதில் இல்லை. சான்றிதழும் அவரே அச்சடித்ததுதான். இறந்துபோன ஒரு மனிதனின் பெயரை இப்படி விற்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கிரெடிட் கார்டில் கட்டியதால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு இது பொருந்தும். அதே ஆள் இப்போது இன்னொரு "கேப்டன் வாளை" விற்பனைக்குப் போட்டிருக்கிறார். அலகின் முதுகைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.