எர்த்ஸீ: ஒரு புக்கு, ரெண்டு படம், எங்க வீட்ல நாலு விதமான கருத்து

அர்சுலா கே. லெ குவின் எழுதுன 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' வாங்கி ரெண்டு மாசம் ஆவுது. எர்த்ஸீன்னு ஒரு கற்பனைத் தீவு உலகம், அங்க நடக்கற மந்திரவாதி கதை. ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன், அட்ட மடங்கி தான் வந்துச்சு, திருப்பி அனுப்ப மனசு வரல. சின்ன புக்கு தான், மொத்தமே பத்து அத்தியாயம். அக்னி நட்சத்திரத்துல வேலூர்ல மதியானம் வெளிய தலகாட்ட முடியாது இல்லையா, சத்துவாச்சாரில அக்கா வீட்ல தான் இருந்தேன், அந்த ஒரே காப்பிய நானு, அக்கா, மாமா, பிளஸ் டூ முடிச்ச அக்கா பொண்ணு நாலு பேரும் கை மாத்தி கை மாத்தி படிச்சோம். அப்புறம் இதுலருந்து எடுத்த டிவி சீரிஸையும் ஜப்பான் ஜிப்லி ஸ்டுடியோவோட அனிமேஷன் படத்தையும் பாத்தோம். நாலு பேருக்கும் ஒரே கருத்து எதுலயுமே இல்ல, அதான் விவரமா எழுதுறேன்.

மாமாக்கு பிடிக்கல. "இன்னாம்மா இது, டிராகன் வருது, பெரிய சண்டையா இருக்கும்னு பாத்தா நின்னு பேசிகினு கீறான்"ன்னு புக்க கீழ வெச்சிட்டாரு. அவர் சொல்றது தப்பில்ல. பெண்டோர் தீவுல ஹீரோ கெட் சின்ன டிராகனுங்க சிலத கொல்றான், ஆனா பெரிய கிழட்டு டிராகன ஜெயிக்கறது கத்தியால இல்ல, அதோட உண்மையான பேர கண்டுபிடிச்சி சொல்லி தான். எனக்கு அந்த எடம் தான் உடம்பு சிலிர்த்துச்சு. எர்த்ஸீ உலகத்துல ஒவ்வொரு கல்லுக்கும் மீனுக்கும் மனுசனுக்கும் ஒரு உண்மையான பேர் இருக்கு, அது தெரிஞ்சா அது உன் கைக்குள்ள, அதனால யாரும் உண்மையான பேர வெளிய சொல்ல மாட்டாங்க, ஊருக்கு ஒரு பேரு, உயிருக்கு ஒரு பேரு. இத படிக்கும்போது எனக்கு எங்க பாட்டி தான் ஞாபகம் வந்தாங்க. கடைசி வரைக்கும் தாத்தா பேர வாயால சொன்னதே இல்ல, ரேஷன் கடையில கேட்டா கூட பக்கத்துல இருக்கறவங்கள சொல்ல சொல்லுவாங்க. பேருக்குள்ள ஒரு சக்தி இருக்குன்னு நமக்கு யாரும் புதுசா சொல்லித்தர வேணாம், அதனால தான் 1968ல அமெரிக்காவுல எழுதுன கதை வேலூர்ல உக்காந்து படிக்கிற எனக்கு அந்நியமா தெரியல.

கதை ரொம்ப சிம்பிள். கான்ட்ன்னு ஒரு மலைத்தீவு, அங்க அம்மா இல்லாத பையன், ஆடு மேய்க்கிறான், சித்தி சொன்ன மந்திரத்த அர்த்தம் தெரியாம அவன் சொல்ல, ஆடெல்லாம் நெருக்கி அடிச்சிகினு வந்து அவன சூழ்ந்துக்குது. ஜவ்வாது மலைப் பக்கம் மந்தைய ஓட்டிகினு போற பசங்கள பாத்தவங்களுக்கு இந்த சீன் அப்படியே கண்ணு முன்னாடி வரும். அப்புறம் மந்திரம் கத்துக்க ரோக் தீவு பள்ளிக்கூடத்துக்கு போறான், அங்க ஒருத்தன் சீண்டி விட்டதுல திமிரு ஏறி செத்தவங்கள கூப்பிடறேன்னு ஆரம்பிச்சி, ஒரு நிழல் இந்த உலகத்துக்குள்ள வந்துடுது. மீதி கதை முழுக்க அந்த நிழல் இவன தொரத்தறதும் இவன் அத தொரத்தறதும் தான். முடிவ சொல்ல மாட்டேன். மந்திரப் பள்ளின்னதும் ஹாரி பாட்டர் மாதிரின்னு அக்கா பொண்ணு சொன்னா, அது வந்தது 1997, இது அதுக்கு இருவத்தொம்பது வருஷம் முன்னாடி.

ஆனா அவ இன்னொண்ணு கவனிச்சா பாருங்க, அதுக்காகவே இத எழுதணும்னு தோணுச்சு. பாதி புக்குல ஓடி வந்து "சித்தி, இவன் நம்ம கலரு"ன்னா. ஆமா, கெட் செம்பு கலந்த மாநிறம், அவனோட உயிர் நண்பன் வெட்ச் நல்ல கருப்பு, தீவுல இருக்கற பெரும்பாலான ஜனங்க இப்படி தான், வெளுத்த தோலும் மஞ்சமுடியும் இருக்கறவங்க படையெடுத்து வர்ற கார்க் ஆளுங்க. லெ குவின் வேணும்னே தான் இப்படி வெச்சாங்க, பறை அடிச்சி சொல்லாம போற போக்குல. முதல் பதிப்பு அட்டையில ரூத் ராபின்ஸ் வரைஞ்ச மொகமும் செம்பு நெறம் தான், பின்னாடி வந்த எத்தனையோ அட்டைல அது வெள்ளையா போயிடுச்சின்னு அவங்க வருத்தப்பட்டிருக்காங்க. கருப்பா பொறந்ததுக்கு கல்யாண வீட்ல, ஸ்கூல் டான்ஸ்ல பின் வரிசையில நிக்க வெச்ச பொண்ணு அவ. ஒரு ஃபேன்டஸி புக்குல ஹீரோ தன் நெறத்துல இருக்கறத மொத மொறையா பாக்கறா. இதுக்கு மேல நான் என்னத்த சொல்லி இந்த புக்க ரெகமண்ட் பண்ண?

அக்காக்கு வேற கோவம், அதுவும் நியாயமான கோவம். பொம்பளைங்க மந்திரம் மாதிரி பலவீனம், பொம்பளைங்க மந்திரம் மாதிரி கெட்டதுன்னு அந்த தீவுல பழமொழி இருக்காம், ரோக் பள்ளில பொண்ணுங்களுக்கு எடமே இல்ல, வர்ற ஒண்ணு ரெண்டு பொம்பளைங்கள்ல ஒருத்தி மயக்கி கெடுக்கறவ. எழுதுனது ஒரு பொம்பளையாச்சேன்னு ரெண்டு நாள் பேசிகினே இருந்தா. இதுல அவ பக்கம் தான் நானும். ஆனா லெ குவினே இத பின்னாடி உணர்ந்து வேலை செஞ்சாங்க, 1971ல வந்த ரெண்டாவது புக்குல டெனார்ன்னு பொண்ணு தான் கதைய தாங்கறா, 1990ல 'டெஹானு' எழுதி அதே உலகத்த பொம்பளைங்க கண்ணால திரும்ப பாத்தாங்க. தான் கட்டின வீட்ட தானே இடிச்சி திருத்துற எழுத்தாளர் மேல எனக்கு பெரிய மரியாத.

இப்போ படங்களுக்கு வரேன். 2004 டிசம்பர்ல சை ஃபை சேனல்ல வந்த மினி சீரிஸ், தயவு செஞ்சு பாக்காதீங்க. கெட் வேஷத்துல நடிச்சது ஷான் ஆஷ்மோர்ன்னு வெள்ளைக்கார பையன். டேனி குளோவர் குரு ஓகியானா வராரு, மத்தபடி சுத்தி பாத்தா வெளுப்பு தான். பேர் விஷயத்தையே தலகீழா மாத்திட்டாங்க, புக்குல ஊருக்கு தெரிஞ்ச பேர் ஸ்பேரோஹாக், ரகசியப் பேர் கெட், சீரிஸ்ல அது உல்டா. கதையோட உயிரே பேரு தான்னு தெரியாதவங்க எடுத்த படம். லெ குவின் அந்த மாசமே ஸ்லேட் பத்திரிகைல காட்டமா கட்டுரை எழுதி, எர்த்ஸீய வெள்ளையடிச்சிட்டாங்கன்னு சொன்னாங்க. அக்கா பொண்ணு இருவது நிமிஷத்துல எழுந்து உள்ள போயிட்டா, நானும் ஆஃப் பண்ணிட்டேன், இன்னொரு நாள் மீதிய தனியா பாத்து முடிச்சேன், கடைசி வரைக்கும் தேறல.

ஜிப்லியோட 2006 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' வேற ரகம். ஜிப்லியோட பெரிய டைரக்டர் ஹயாவோ மியாசாகி இத படமா எடுக்க பல வருஷம் முன்னாடியே கேட்டிருக்காரு, அப்போ அவர் யாருன்னு தெரியாம லெ குவின் ஒத்துக்கல, பின்னாடி அவர் படத்த பாத்து மனசு மாறி சரின்னப்போ கடைசில எடுத்தது அவரு புள்ள கோரோ, அவருக்கு அது மொத படம். மானம், கடலு, பழைய ஊரு, எல்லாம் வரைஞ்சிருக்கற அழகு சொல்ல முடியாது, படத்துல வர்ற பொண்ணு தனியா நின்னு பாடுற பாட்டுக்கு அக்கா கண்ணுல தண்ணி. ஆனா மூணாவது புக்குலருந்து கொஞ்சம் அங்கருந்து இங்கருந்து கொஞ்சம் எடுத்து கலந்ததுல கதை குழம்பிடுச்சு, ஆரன்னு ஒரு இளவரசன் எடுத்த எடுப்புலயே அப்பாவ குத்துறான், ஏன்னு கடைசி வரைக்கும் மனசுல ஒட்டவே இல்ல, புக்குல அப்படி ஒரு விஷயமே கெடையாது. படம் முடிஞ்சதும் லெ குவின் கோரோகிட்ட இது என் புக்கு இல்ல, உங்க படம், நல்ல படம்ன்னு சொன்னாங்களாம். என் அபிப்பிராயமும் கிட்டத்தட்ட அது தான். மாமாக்கு மட்டும் இந்த படம் ரொம்ப பிடிச்சிடுச்சு, டிராகன் ஒழுங்கா பறக்குதாம்.

மார்க்குன்னா புக்குக்கு அஞ்சுக்கு நாலரை, அந்த அரை அக்காவோட கோவத்துக்காக கழிச்சது. ஜிப்லி படத்துக்கு மூணு. சீரிஸுக்கு ஒண்ணு, அதுவும் டேனி குளோவருக்காக. இங்கிலீஷ் கஷ்டம் இல்ல, ஆனா வாக்கியம் பழைய கதை சொல்ற மாதிரி நிதானமா போவும், மொத ரெண்டு அத்தியாயம் பொறுத்துக்கணும், பத்தாவது படிக்கிற புள்ளைங்க தாராளமா படிக்கலாம். வாங்கும்போது மேப் இருக்கற பதிப்பா பாத்து வாங்குங்க, தீவுங்க அவ்வளவு இருக்கு, திருப்பி திருப்பி பாக்க வேண்டி வரும்.

ரெண்டாவது புக்குக்கும் ஆர்டர் போட்டாச்சு. வந்ததும் மொதல்ல அவ தான் படிப்பாளாம், அக்கா சொல்லிட்டா.